குனியுங்கள், குகை வருகிறது

குகை காட்டுகிற வேலைக்கு முதல் தகுதி, ஊரில் குகையே இல்லை என்பதை முகத்தில் காட்டாமல் இருப்பது. இரண்டாவது தகுதி, உரக்கப் பேசுவது. முதலாவது எனக்குத் தானாக அமைந்திருந்தது. என் முகத்தில் எதுவும் சீக்கிரம் தெரியாது. இரண்டாவதுதான் தகராறு.

மரக்காணத்தில் பாறை கிடையாது. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் பழைய கால்வாய். கால்வாயின் குறுக்கே உப்பளத்துக்குப் போகிற பாதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் உப்பு வண்டிகள் வரிசையாக நிற்பதற்காக அகலமாகப் போட்டிருக்கிறார்கள். பாதைக்கு அடியில் செங்கல்லால் வளைத்துக் கட்டிய பாலம். உள்ளே நுழைந்தால் ஒரு பஸ் நீளத்துக்கு இருட்டு. அதைத்தான் எங்கள் முதலாளி கஜேந்திரன் 'கடல் குகை போட்டிங்' என்று போர்டு வைத்துவிட்டார். அவருக்குச் சொந்தமாகச் சில உப்புப் பாத்திகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் பாத்தியில் வேலை இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒரு ஃபைபர் போட் வாங்கினார். ஓட்டுவதற்கு சூசை அண்ணனை வைத்தார். பேசுவதற்கு என்னை வைத்தார்.

எனக்கு ஊர் பக்கத்தில் பிரம்மதேசம். திண்டிவனத்தில் விலங்கியல் படித்தேன். பறவைகளின் பெயர் தெரியும், அதை ஒருவர் காதில் விழுகிற மாதிரி சொல்லத் தெரியாது. சேர்க்கும்போதே முதலாளி சொல்லிவிட்டார்: பொங்கல் வரைக்கும் பார்ப்பார், குரல் எழும்பவில்லை என்றால் வேறு ஏற்பாடு. வேலை போனால் அடுத்தது என்ன என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. திண்டிவனத்தில் ஒரு புடவைக் கடையில் சித்தப்பா எனக்காக இடம் சொல்லி வைத்திருந்தார். காலையிலிருந்து ராத்திரி கடை மூடுகிறவரை உள்ளே வருகிற எல்லாரிடமும் 'வாங்கக்கா, என்ன பாக்கறீங்க' என்று கேட்க வேண்டும். போட்டில் ஒரு நடைக்கு ஆறேழு பேர்தான். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது தன் பெயர் வருவதற்கு முன்பே உள்ளங்கை வியர்த்துப் போனவர்களுக்கு, இந்த இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

நீலத் தண்ணீர்

எங்கள் போர்டில் ஒரு படம் இருக்கிறது. வெள்ளைப் பாறை, அதில் வளைந்த வாசல், உள்ளே கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். எந்த நாடு என்று முதலாளிக்கே தெரியாது. பாண்டிச்சேரியில் போர்டு அடித்துக் கொடுத்தவர் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துப் போட்டது. முதலாளி அதைப் பார்த்து, 'நல்லாத்தான் இருக்குது' என்று வாங்கி வந்து மாட்டிவிட்டார்.

சென்னையிலிருந்து வந்த ஒருவர், போர்டைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டுதான் போட்டில் ஏறினார். பாலத்தின் அருகே வந்ததும் செல்போனை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, படத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாறை எங்கே என்று கேட்கவில்லை. கடல் எங்கே என்றும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனிதர். தண்ணீர் மட்டும் அவரை உறுத்தியது. படத்தில் நீலமாக இருக்கிறதே, இங்கே ஏன் டீ கலரில் இருக்கிறது என்றார்.

அது மாதிரிக்குப் போட்ட படம் என்று நான் சொன்னேன். சொன்னது எனக்கும் என் துப்பட்டாவுக்கும் மட்டும் கேட்டிருக்கும். அவர் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இன்ஜினை நிறுத்திக்கொண்டிருந்த சூசை அண்ணன் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "அது காலையில எடுத்த போட்டோ சார்."

கனமானவர்கள் முன்னால்

எங்கள் வேலையில் வெளியே சொல்லாத ஒரு முறை உண்டு. ஃபைபர் போட்டுக்கு மூக்கு உயரமாக இருக்கும். பாலத்துக்குள் நடுவில் ஓரிடத்தில் செங்கல் வரிசை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது பிரச்சினை இல்லை. கடல் ஏறுகிற நேரத்தில் கால்வாயிலும் தண்ணீர் ஏறும், ஓதம் என்பார்கள். அப்போது மூக்கு அந்தச் செங்கல்லில் இடிக்கும். அதனால் முன்பக்கம் எடை வேண்டும். கனமானவர்கள் முன்னால் உட்கார்ந்தால் மூக்கு தாழும், போட் நுழைந்துவிடும்.

ஆனால் யார் கனமானவர் என்று எப்படிச் சொல்வது? சூசை அண்ணன் ஆரம்பத்தில் விரலை நீட்டி, 'நீங்க, நீங்க, அதோ அந்தப் பெரிய அக்கா' என்று அழைத்துக்கொண்டிருந்தார். பெரிய அக்கா ஒருவர் படித்துறையிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கனமானவர்களின் அருகில் போய், முன்னால் உட்கார்ந்தால் போட்டோ நன்றாக விழும் என்று மெதுவாகச் சொல்வேன். மெதுவாகச் சொல்வதால் அவர்களுக்கு மட்டும் சொல்கிற ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, யாரும் முந்துவதற்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். என் குரலால் இந்தத் தொழிலுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

கிளியனூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். முன்னால் உட்கார்ந்து, நிறைய போட்டோ எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போட்டோ நல்லா விழும்னு நீ யார் யார்கிட்ட சொல்றேன்னு நானும் பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன்."

மூன்றாவது ஆள்

எல்லா நடையிலும் கனமானவர்கள் அமையமாட்டார்கள். அதற்காகப் படித்துறையில் உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். ஆட்கள் ஒல்லியாக வந்தால் மூட்டைகளை முன்னால் ஏற்றுவோம். வெளியூர்க்காரர்கள் அது வியாபாரத்துக்குப் போகிற உப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அதே மூட்டைகள் மார்கழி முழுக்கப் போய் வந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று தனியாக வந்தது. இரண்டு பேரையும் சேர்த்தாலும் ஓர் ஆள் தேறாது. சூசை அண்ணன் முன்பலகையில் இருவருக்கும் நடுவில் பெரிய மூட்டையைத் தூக்கி வைத்தார். அங்கே வைத்தால்தான் போட் சாயாமல் இருக்கும். அந்தப் பையன் மூட்டைக்கு மேலாகக் கையை நீட்டி மனைவியின் தோளைத் தொடப் பார்த்தான், எட்டவில்லை. குகைக்குள் போகும்போதும் மூட்டை நடுவில், வெளியே வரும்போதும் மூட்டை நடுவில். செல்ஃபியிலும் மூட்டைதான் தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள்: "இதுக்கு உங்க அம்மாவையே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

கொக்கு வகைகள்

பாலத்தைத் தாண்டினால் வெளிச்சமான, அகன்ற தண்ணீர். பனிக்காலத்தில் அங்கே பறவைகள் கூட்டமாக இறங்கும். கூழைக்கடா, ஊசிவால் வாத்து, உள்ளான், சில நாட்களில் பூநாரை. அவற்றைச் சொல்லத்தான் நான் படித்திருக்கிறேன். ஆனால் இன்ஜின் சத்தத்தில் நான் 'ஊசிவால்' என்று ஆரம்பிப்பதற்குள் சூசை அண்ணன் கையை நீட்டி, 'அதோ பாருங்க, சைபீரியா கொக்கு' என்றுவிடுவார். அவருக்குப் பறப்பதெல்லாம் கொக்கு. பெரிதாக இருந்தால் ஆஸ்திரேலியா, சின்னதாக இருந்தால் ஸ்ரீலங்கா. வாத்தை எப்படிக் கொக்கு என்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், அவர்களிடம் போய் வாத்து என்று எப்படிச் சொல்வது என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது இணையத்தில் யாரோ எங்களைப் பற்றி எழுதினார்கள். படகு நன்று, குகை சிறியது, வாய் பேச இயலாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி வேலை கொடுத்திருக்கும் உரிமையாளரின் மனது பெரியது. அதற்குக் கீழே இன்னும் சிலர் வந்து அவரை வாழ்த்தியிருந்தார்கள். முதலாளி செல்போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நான் முழுவதும் படிக்கிறவரை காத்திருந்தார். கோபம் இல்லை, கொஞ்சம் குழப்பம்தான். பிறகு சொன்னார்: "நாலு பேரு என்னை வாழ்த்தியிருக்காங்கம்மா. அதான் எனக்குக் கவலையா இருக்குது."

நல்லாப் பேசுகிற பொண்ணு

அந்தக் கவலையில் வாங்கியதுதான் ஸ்பீக்கர். கறுப்பாக, தேங்காய் அளவில், முதுகில் கைப்பிடியோடு இருந்தது. நான் பேச வேண்டியதை வீட்டிலேயே பேசிப் பதிவு செய்துகொண்டு வரச் சொன்னார் முதலாளி. அதைப் போட்டில் ஓடவிடலாம். பொங்கல் வரைக்கும் நானும் கூட வரலாம், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்று மாலை சித்தப்பாவும் போன் செய்து, கடையில் தை மாதம் கூட்டம் அதிகமாக இருக்கும், ஆள் தேடுகிறார்கள் என்று நினைவூட்டினார்.

வீட்டில் எல்லாரும் வயலுக்குப் போன நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். எதிரே யாரும் இல்லை. பீரோ மட்டும் இருந்தது. குரல் கணீரென்று வந்தது. எனக்கே அது யாரோ மாதிரி இருந்தது. 'வணக்கம், வாருங்கள்' என்று தொடங்கி, பாலத்தின் கதை, பறவைகளின் பெயர்கள், 'குனியுங்கள், குகை வருகிறது', கடைசியில் 'நமது பயணம் இனிதே நிறைவடைந்தது, மீண்டும் வருக' வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். என் இடத்தை எடுத்துக்கொள்ளப் போகிற ஆளுக்கு நானே இவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டாம் என்று பிறகுதான் தோன்றியது.

வந்தவர்களுக்கு ஸ்பீக்கரை மிகவும் பிடித்துப் போயிற்று. நான் பின்னால் உட்கார்ந்து, என் குரலை மற்றவர்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். ஓர் அம்மா நடை முழுக்க என்னையும் ஸ்பீக்கரையும் பார்த்தபடியே இருந்தார். கரைக்கு வந்ததும் தனியாக அழைத்து, அன்பாகத்தான் சொன்னார்: "அந்தப் பொண்ணு என்னமா பேசுது பாத்தியா? நீயும் கூச்சத்த விட்டுட்டு அது மாதிரி பேசப் பழகிக்கணும்மா."

மேனேஜர்

குகைக்குள் போனால் யாராலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. செங்கல் வளைவு சின்னச் சத்தத்தையும் வாங்கிப் பெரிதாக்கித் திருப்பித் தரும். குழந்தைகள் ஊளையிடுவார்கள். பெரியவர்கள் முதலில் தொண்டையைச் செருமிப் பார்ப்பார்கள், அப்புறம் அவர்களும் ஊளையிடுவார்கள். நான் அங்கே ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வேன்: 'தலை.' செங்கல் இறங்குகிற இடம் வந்துவிட்டது, குனியுங்கள் என்று அர்த்தம். மெதுவாகத்தான் சொல்வேன். அது நான்கு பக்கமும் போய்த் திரும்பி வரும். எல்லாரும் உடனே குனிவார்கள். ஸ்பீக்கர் வந்த பிறகும் அந்த வார்த்தையை மட்டும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பதிவில் அது சரியான இடத்துக்கு வராது.

சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர் ஒருவர், நண்பர்களோடு வந்தார். போட்டில் ஏறியதிலிருந்து பேசவே இல்லை. என் ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் எழுந்து நிற்காத குறையாக நிமிர்ந்து, யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி, 'நான் லீவுலதான்டா இருக்கேன்' என்று கத்தினார். வளைவு அதை மூன்று தடவை சொன்னது. வெளியே வந்ததும் பழையபடி அமைதியாகிவிட்டார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு விளக்கினார்: "மேனேஜருங்க. நேர்ல சார்னுதான் கூப்பிடுவேன்."

மாப்ள

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புது மாப்பிள்ளைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். மாமனார், அவருடைய தம்பி, மாமியார், பெண், மாப்பிள்ளை. மாமனாரும் தம்பியும் நல்ல கனம். அவர்களைப் பார்த்ததும் சூசை அண்ணன் முகம் மலர்ந்து, தூக்கிய உப்பு மூட்டையைக் கரையிலேயே இறக்கிவிட்டார். மாப்பிள்ளை ஒல்லி, ஆனால் சுறுசுறுப்பு. யார் எதைத் தூக்கினாலும் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். 'மாப்ள, விடுங்க மாப்ள, நீங்க உக்காருங்க மாப்ள' என்று நாலு பக்கமும் அவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். கனமான இருவர் முன்னால் உட்கார, போட் அழகாக உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கரை ஓரத்தில் நிறுத்திப் பறவைகளைக் காட்டினோம். அப்போது மாமனார், குனிந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது, மேலே பாதையில் நடந்தே வந்துவிடுகிறேன் என்று இறங்கினார். துணைக்குத் தம்பியும் வறுகடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர்கள் இறங்கியதும் போட்டின் மூக்கு மேலே எழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நன்றாக மிதக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சூசை அண்ணன் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. அவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். இதற்கிடையில் ஓதமும் ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பாதி குகையில் மூக்கு செங்கல்லில் போய்ச் செருகிக்கொண்டது. சூசை அண்ணன் இரண்டு உள்ளங்கைகளையும் கூரையில் ஊன்றித் தள்ளிப் பார்த்தார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தண்ணீர் ஏற ஏறப் போட்டும் ஏறி இன்னும் இறுகியது. உட்கார்ந்திருந்தவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் முதுகையும் வளைத்துக்கொண்டார்கள். இறங்கி நிற்கலாம் என்றால் அடியில் துடுப்பையே விழுங்குகிற சேறு. முன்பலகைக்கு அடியில் கட்டியிருந்த ஸ்பீக்கர் மட்டும் நிம்மதியாக இருந்தது. 'இந்தக் குகையின் அமைதியைச் சற்று நேரம் ரசியுங்கள்' என்றது.

மேலே பேச்சுக் குரல் கேட்டது. மாமனாரும் தம்பியும் சரியாக எங்கள் தலைக்கு மேலே வந்து, போட்டைக் காணோமே என்று நின்றிருந்தார்கள். எங்களுக்கு அப்போது தேவைப்பட்டதெல்லாம் அந்த எடைதான். அது செங்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கடலை தின்றுகொண்டிருந்தது.

அடுத்து நடந்ததுதான் விபரீதம். சூசை அண்ணன், தண்ணீர் இறைக்க வைத்திருந்த வெட்டிய எண்ணெய் கேனை எடுத்தார். கால்வாயில் மொண்டு போட்டுக்குள் ஊற்ற ஆரம்பித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லிச் செய்கிறவர் இல்லை. சொல்வது என் வேலை. பெண் அலறினாள். மாமியார் கால்களைத் தூக்கிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு ஒரு நொடிதான் பிடித்தது. இன்னொரு கேனைக் கண்டுபிடித்து, அண்ணன் உள்ளே ஊற்றுவதை அதே வேகத்தில் வெளியே இறைக்கத் தொடங்கினார். ஒருவர் ஊற்ற, ஒருவர் இறைக்க, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். போட் இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உப்பு மூட்டை இல்லாத இடத்தில் தண்ணீர்தான் மூட்டை. போட் கனத்தால்தான் தாழும், தாழ்ந்தால்தான் மூக்கு விடுபடும். அதை இரண்டு முறை சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் என்னைவிட உரக்க நானே பேசிக்கொண்டிருந்தேன். 'நமது பயணம் இனிதே நிறைவடைந்தது' என்று ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருந்தது. கூரை மாமியாரின் கொண்டையைத் தொட்டுவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமியைக் கும்பிட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியாது. அங்கே எல்லாரும் அவரை அழைக்கிற மாதிரியே நானும் அழைத்துவிட்டேன். "மாப்ள, நிறுத்துங்க. உள்ள ஊத்துங்க. எடை வேணும்."

வளைவு அதை எடுத்துக்கொண்டது. மாப்ள, மாப்ள, மாப்ள என்று பாலம் முழுக்கப் போய், தண்ணீர் மேல் ஓடி, இரண்டு வாசலிலும் வெளியேறியது. மாப்பிள்ளை கேனைப் பிடித்தபடி இறைப்பதை நிறுத்திவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தால்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அங்கே இருட்டு, கண்கள் சரியாகத் தெரியவில்லை. அதனால் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். ஏன் ஊற்றுகிறோம், எவ்வளவு வரை ஊற்றுவோம், லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, போட் முழுகாது. குரல் பீரோவின் முன்னால் வந்த மாதிரியே வந்தது. சொல்லி முடிப்பதற்குள் மேலே மாமனார் குரல் அதிகாரத்தோடு கேட்டது: "யார்றா அங்க எங்க மாப்ளய அதட்டறது?"

இரண்டு பெண்கள்

அதன் பிறகு எல்லாரும் ஊற்றினோம். மாமியார் புளிசாதம் கொண்டுவந்த டிபன் பாக்ஸால் ஊற்றினார். மாப்பிள்ளை இறைத்த வேகத்தைவிட ஊற்றிய வேகம் அதிகம். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. முன்பலகைக்கு அடியில் ஸ்பீக்கர் 'மீண்டும்' என்று தொடங்கி, கொப்பளித்து, 'வருக' சொல்லாமலே நின்றுபோனது. இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். மூக்கு செங்கல்லை உரசிக்கொண்டு கீழே இறங்கியது. நான் 'தலை' என்றேன். எல்லாரும் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சூசை அண்ணன் கூரையில் கை மாற்றிக் கை மாற்றித் தள்ள, வெளிச்சத்துக்கு வந்தோம்.

படித்துறையில் முதலாளி நின்றிருந்தார். பாலத்தின் மேலிருந்து ஓடிவந்த மாமனார் அவரிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி போட்டுக்குள் நிற்கிற தண்ணீரையும் அதில் மிதக்கிற புளிசாதத்தையும் என்னையும் பார்த்தார். புடவைக் கடையின் வாசல் எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. வாங்கக்கா, என்ன பாக்கறீங்க. மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

மாமியார் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கரையேறி வந்தார். கணவரைக் கையால் ஒதுக்கிவிட்டு, முதலாளியின் எதிரே நின்று, என்னைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "ரேடியோவுல பேசினாளே ஒருத்தி, நாங்க சாகப்போற நேரத்துலயும் ரசிங்க ரசிங்கன்னுட்டு இருந்தா. அவள மொதல்ல நிறுத்துங்க. இந்தப் பொண்ணப் பேசச் சொல்லுங்க."

வெயிலில் ஒரு தேங்காய்

இரண்டு பெண்ணும் ஒன்றுதான் என்று முதலாளியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மா என்னை எப்படிப் பார்த்திருப்பார் என்று தெரியாது. மறுநாளிலிருந்து எத்தனை கனமான ஆட்கள் வந்தாலும் இரண்டு உப்பு மூட்டைகளும் கூடவே போய்த் திரும்பி வர வேண்டும் என்று உத்தரவு போட்டார் முதலாளி. என் வேலையைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஸ்பீக்கரைத் திறந்து தண்ணீரை வடித்து, டிக்கெட் கொடுக்கிற ஷெட்டின் ஜன்னலில் வெயில் படுகிற மாதிரி வைத்தார். காய்ந்ததும் பார்க்கலாம் என்றார்.

நான் பெரிதாக மாறிவிடவில்லை. குகைக்கு வெளியே இன்னும் பாதி பேருக்குத்தான் கேட்கிறது. ஊசிவால் வாத்து இன்னும் சைபீரியா கொக்காகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று செய்துகொண்டேன்: பாலத்தின் கதை, பறவைகளின் பெயர், எல்லாவற்றையும் குகைக்குள் போன பிறகு சொல்கிறேன். இருட்டில் யார் முகமும் தெரிவதில்லை, மிச்ச வேலையை வளைவு பார்த்துக்கொள்கிறது. வெளியே வந்ததும் பறவையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பொங்கல் வந்தது, போனது. ஸ்பீக்கர் அதே ஜன்னலில் இருக்கிறது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் நனைந்த பொருள் எதுவும் முழுதாகக் காயாது; பகலில் காய்ந்த மாதிரி வெள்ளை பூத்து நிற்கும், விடியற்காலைப் பனியில் மறுபடி வியர்த்துவிடும். முதலாளி தினமும் காலையில் வந்து அதைத் தொட்டுப் பார்க்கிறார். அப்புறம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சூசை அண்ணனைப் பார்த்து ஒரே வார்த்தை சொல்கிறார்: "ஈரம்."

சித்தப்பா போன் செய்து, வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று கேட்கும்போதெல்லாம், ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நல்ல பனி சித்தப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.